வேங்கிக்கால் அக்காவும் மருமகளும் படித்த நாவல்

எங்கள் சர்ச்சில் பெண்கள் வேதப்படிப்பு சனிக்கிழமை சாயந்திரம் நாலு மணிக்கு. அறிவிப்புப் பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. நாலே முக்காலுக்கு முன்னால் யாரும் வந்து நான் பார்த்ததில்லை, பெரிய டீச்சரைத் தவிர. தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். முன்னதாகவே வந்து, ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, மணி நாலு அடித்ததும் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பாட்டை ஆரம்பித்துவிடுவார். நாங்கள் ஒவ்வொருவராக உள்ளே நுழையும்போது முறைப்பார் பாருங்கள், எங்களுக்கெல்லாம் பேரன் பேத்தி இருக்கிறது என்பதே மறந்துபோகும். ஓரமாக நின்று, "உள்ளே வரலாமா டீச்சர்?" என்று கேட்கத் தோன்றும்.

நான் செங்கம் ரோட்டில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை சாயந்திரம் மட்டும் கடையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு வருவேன். நான்தான் எங்கள் பெண்கள் சங்கத்தின் செயலாளர். செயலாளர் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. வருகிற வழியில் சுண்டலோ பக்கோடாவோ வாங்கி வரவேண்டும், பிளாஸ்கில் டீ பிடித்து வரவேண்டும், வெள்ளிக்கிழமை ராத்திரி வாட்ஸப் குழுவில் "நாளை கூட்டம் உண்டு" என்று போடவேண்டும். பௌர்ணமி வந்து விழுகிற சனிக்கிழமைகளில் "நாளை கூட்டம் இல்லை" என்று போடவேண்டும். அன்றைக்கு மலையைச் சுற்ற வருகிற கிரிவலக் கூட்டத்தில் ஊருக்குள் பஸ்ஸும் வராது, ஆட்டோவும் வராது. எல்லா வாரமும் முக்கால் மணி நேரம் தாமதமாக வருகிறவர்களுக்கு அந்த வாரம் பார்த்துத்தான் வேதத்தின்மேல் தாகம் வரும். "அடடா, இந்த வாரம் இல்லையா? ரொம்ப எதிர்பார்த்துக்கிட்டு இருந்தேனே" என்று அழுகிற பொம்மை போட்டுப் பதில் அனுப்புவார்கள்.

கூட்டத்தில் டீச்சர் ஒரு அதிகாரத்தை வாசிக்கச் சொல்லி, "இதிலிருந்து நாம் கற்றுக்கொள்ளும் பாடம் என்ன?" என்று கேட்பார். எந்த அதிகாரமாக இருந்தாலும் "பொறுமை டீச்சர்" என்று சொன்னால் முக்கால்வாசி மார்க் கிடைக்கும். எனக்குப் பக்கத்தில் நர்ஸம்மா உட்காருவார். ஆயுசு முழுக்க நைட் டியூட்டி பார்த்தவர். ஆரம்ப ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் முடிவு ஜெபத்துக்குத்தான் திறப்பார். ஆனால் ஆமென் மட்டும் எங்கள் எல்லாருக்கும் முன்னால் அவர் வாயிலிருந்துதான் வரும்.

படிப்பு முடிந்ததும் ஜெபக்குறிப்பு. யாருக்காக, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் சொல்லலாம். உள்ளதைச் சொன்னால், அதைக் கேட்கத்தான் பாதிப்பேர் வந்தோம். அதிலும் வேங்கிக்கால் அக்காவின் ஜெபக்குறிப்பைக் கேட்க.

அக்காவுக்கு அறுபத்தைந்து வயசு இருக்கும். புருஷன் காலமாகிவிட்டார். வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் மகன் கட்டிய புது வீட்டில் இருந்தார். சர்ச்சில் அவர் பாடினால் மைக் வேண்டாம். பேசினாலும் வேண்டாம்.

"எங்க வீட்டுல ஒருத்தர் காலையில ஏழு மணிக்கு மேலதான் எழுந்துக்கறாங்க. அவங்களுக்கு அதிகாலையில எழுந்து ஜெபிக்கிற மனசைக் கர்த்தர் தரணும்" என்பார் ஒரு வாரம்.

"எங்க வீட்டுல ஒருத்தர் இட்லி மாவைக் கடையில பாக்கெட்டா வாங்கறாங்க. கிரைண்டர் சும்மா கெடக்குது. கிரைண்டருக்காகச் சொல்லல. அந்த மனசுக்காக ஜெபிக்கணும்" என்பார் அடுத்த வாரம்.

அந்த ஒருத்தர் யார் என்று அக்கா சொன்னதே இல்லை. சொல்லவும் வேண்டியதில்லை. மகனுக்குக் கல்யாணமாகி வந்த பெண். கலெக்டர் ஆபீசில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, முடிந்ததும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். நாங்கள் யாரும் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அவள் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாள், துண்டை எங்கே காயப்போடுவாள், ரசத்தில் எதைக் கம்மியாகப் போடுவாள் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும். வாராவாரம் அவளுக்காக உருக்கமாக ஜெபித்தோம்.

அப்புறம் சர்ச்சுக்குப் புது ஆயரும் அவர் மனைவி ஆயரம்மாவும் வந்தார்கள். ஆயருக்கு மாற்றலாகி வந்த குடும்பம். ஆயரம்மாவுக்கு முப்பத்தைந்து வயசுதான். ஊர்ப் பழக்கம் தெரியாது, ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்த்து எல்லாரையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டார். வேங்கிக்கால் வீட்டுக்கும் போனார். அக்கா காப்பி போட உள்ளே போன நேரத்தில் மருமகளைக் கூப்பிட்டுவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை அக்காவுக்குப் பின்னால் அந்தப் பெண் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்ததும் நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தோம். நர்ஸம்மாகூடத் தூங்கவில்லை. ஜெபக்குறிப்பு நேரம் வந்தது. எல்லார் பார்வையும் அக்காமேல்.

அக்கா தொண்டையைச் செருமினார். "உலக சமாதானத்துக்காக ஜெபிக்கணும்" என்றார்.

எங்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நர்ஸம்மா, "இன்னா இது, இந்தப் பொண்ணு வந்து எல்லாத்தையும் கெடுத்துட்டாளே" என்று புலம்பிக்கொண்டு வந்தார்.

கெடுக்கவில்லை. மூன்றாவது வாரம் ஆயரம்மா, "புதுசா வந்தவங்க யாராவது சொல்றீங்களா?" என்றதும் மருமகள் எழுந்தாள். மெல்லிய குரல். தலை குனிந்திருந்தது.

"எங்க வீட்டுல ஒருத்தருக்குச் சர்க்கரை ஜாஸ்தியா இருக்கு. டாக்டர் இனிப்பே கூடாதுன்னுட்டாரு. ஆனா பிரிட்ஜ்ல வெச்ச பாதுஷா யாரும் தொடாமலே கம்மியாயிட்டே வருது. அவங்க உடம்புக்காக ஜெபிச்சுக்கோங்க."

நான் குனிந்து சுண்டல் பொட்டலத்தை எடுப்பதுபோலச் சிரிப்பை மறைத்துக்கொண்டேன். அக்கா நேராகச் சிலுவையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீச்சர்தான் ஜெபித்தார். "மறைவில் நடக்கிறதையும் பார்க்கிற ஆண்டவரே" என்று அவர் ஆரம்பித்ததும் நர்ஸம்மாவின் தோள் குலுங்கியது.

அதிலிருந்து இரண்டு பேரும் விடவில்லை. வீட்டில் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள் போலிருக்கிறது. பேச வேண்டியதையெல்லாம் சேர்த்து வைத்துச் சனிக்கிழமை கர்த்தர் வழியாக அனுப்பிக்கொண்டார்கள். ஒருவர் கேஸ் அடுப்பை அணைக்காமல் போகிறவருக்காக ஜெபிக்கச் சொல்வார். மற்றவள் டிவி சத்தத்தைக் குறைக்கும் கிருபை வேண்டும் என்பாள். ஒருநாள் டீச்சர் தெரியாத்தனமாக, வேதத்தில் மாமியாரை விட்டுப் போகமாட்டேன் என்று கூடவே போன மருமகளின் கதையைப் படிக்கக் கொடுத்துவிட்டார்.

"மருமகள்னா அப்படி இருக்கணும். அந்தக் காலத்துல இருந்தாங்க" என்றார் அக்கா.

"அந்த மாமியார் மருமகளை வாய் நெறைய மகளேன்னு கூப்பிட்டாங்க டீச்சர். அதையும் கவனிக்கணும்" என்றாள் மருமகள்.

"இதிலிருந்து நாம் கற்றுக்கொள்ளும் பாடம்..." என்றார் டீச்சர் அவசரமாக.

"பொறுமை டீச்சர்" என்றோம் நாங்கள் எல்லாரும்.

அன்றைக்கு எல்லாரும் போன பிறகு ஆயரம்மா என்னை நிறுத்தினார். "அக்கா, இப்படியே போனா ஒருநாள் இது சண்டையிலதான் முடியும். வேற எதையாவது பேச வைக்கணும். மாசத்துல ஒரு சனிக்கிழமை எல்லாரும் ஒரு நாவல் படிச்சுட்டு வந்து பேசினா என்ன? கதையில வர்றவங்களப் பத்திப் பேசினா யாருக்கும் வலிக்காது."

டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. "வேதம் இருக்கும்போது கதைப்புத்தகம் எதுக்கு?"

"இயேசுவே கதைதானே டீச்சர் சொன்னாரு?"

"அவர் சொன்னது சின்னக் கதை" என்றார் டீச்சர்.

இருந்தாலும் ஆயரம்மா விடவில்லை. சென்னையில் தெரிந்த ஒருவர் மூலமாக ஒரு நாவலின் பிரதிகளை வரவழைத்தார். அட்டையில் ஜன்னலோரம் ஒரு மல்லிகைக் கொடி. கெட்ட கதையாக இருக்காது என்று நம்பிவிட்டார். வீட்டுக்கு ஒன்று என்று கொடுத்தார். அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. சர்ச்சில் வசனங்களை மனப்பாடமாகத்தான் சொல்வார். ஆபரேஷன் செய்யச் சொல்லி மகன் மூன்று வருஷமாகக் கெஞ்சுகிறான். "கர்த்தர் குடுத்த கண்ணு, கத்தி படக்கூடாது" என்று தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார். அதனால் ஆயரம்மா மருமகளிடம், "நீ தினமும் கொஞ்சம் கொஞ்சமா அத்தைக்கு வாசிச்சுக் காட்டிடும்மா" என்று புத்தகத்தைக் கொடுத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து ஆயரம்மாவிடமிருந்து எனக்குப் போன். "அக்கா, படிக்க ஆரம்பிச்சுட்டீங்களா?"

"பாதி முடிச்சுட்டேன்."

"அந்த மாமியாரு..."

"நம்ம வேங்கிக்கால் அக்கா மாதிரியே இருக்காங்க" என்றேன்.

"ஐயோ" என்றார் ஆயரம்மா.

கதை இதுதான். ஒரு பெரிய வீடு. அதில் புருஷனை இழந்த ஒரு மாமியார், வேலைக்குப் போகிற ஒரு மருமகள். மாமியார் முதல் பக்கத்தில் திறந்த வாயைக் கடைசிப் பக்கத்தில்கூட மூடவில்லை. சொல்லிச் சொல்லிக் குத்துகிறாள். முடிவில் மருமகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டே போய்விடுகிறாள். மாமியார் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அவ்வளவுதான். ஒரு மருமகள் வாய்விட்டு வாசிக்க, அவள் மாமியார் உட்கார்ந்து கேட்க வேண்டிய கதையா இது? புத்தகத்தைத் திரும்ப வாங்கிவிடலாமா என்று ஆயரம்மா யோசித்தார். என்ன காரணம் சொல்லி வாங்குவது? பேசாமல் இருந்துவிட்டோம்.

மாசக் கடைசிச் சனிக்கிழமை வந்தது. பயந்துகொண்டே போனேன். வழக்கத்துக்கு மாறாக அக்காவும் மருமகளும் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அக்கா மடியில் நாவல். முகம் பளிச்சென்று இருந்தது.

"யாரு முதல்ல பேசறீங்க?" என்றார் ஆயரம்மா.

அக்கா கையைத் தூக்கினார். "நான் இந்த மாதிரிப் புத்தகம் படிச்சதே இல்ல. அந்த மாமியார் இருக்காங்களே, முதல்ல எனக்குப் பிடிக்கவே இல்ல. வாய் ஜாஸ்தி. ஆனா அந்த மழை நாள் வருதே, அங்க நான் அழுதுட்டேன்."

எனக்கு எந்த மழை நாள் என்று புரியவில்லை. புத்தகத்தில் மழையே கிடையாது.

அக்கா தொடர்ந்தார். "மருமக ஆபீஸ்லேந்து நனைஞ்சுட்டு வர்றா. அந்த அம்மா ஒண்ணும் சொல்லாம ஒரு துண்டை எடுத்துத் தலையத் துவட்டி விட்டு, இஞ்சிக் காப்பி போட்டுக் கையில குடுத்து, நீ வேலைக்குப் போறதைப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்குடின்னு சொல்றாங்க. எனக்கும் டீச்சர் டிரெய்னிங் கிடைச்சுது, எங்கப்பா அனுப்பலன்னு சொல்றாங்க. அதுக்கு அந்தப் பொண்ணு ஒண்ணுமே பேசாம அவங்க தோள்மேல சாஞ்சுக்கறா." அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் கதை எழுதினவங்களுக்கு என் மனசு எப்படித் தெரிஞ்சுதுன்னே தெரியல."

மருமகள் மேலே மின்விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மடல் சிவந்திருந்தது.

அவள் வாசிக்கும்போதே கதையை மாற்றியிருக்கிறாள் என்பது எங்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. டீச்சரைத் தவிர. டீச்சர் புத்தகத்தைப் புரட்டினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "இது எந்தப் பக்கம்?" என்றார்.

நாங்கள் குனிந்து அவரவர் மடியைப் பார்த்தோம். டீச்சர் மறுபடி புரட்டினார். "நான் முழுசா படிச்சேனே. அடிக்கோடு போட்டுப் படிச்சேன். எந்தப் பக்கம்?"

அப்போது பக்கத்தில் ஒரு குரல். "நடுவுல வருது டீச்சர். எனக்கும் அந்த இடத்துல கண்ணு கலங்கிடுச்சு."

நர்ஸம்மா. புத்தகத்தை அவர் இன்னும் பிளாஸ்டிக் கவரிலிருந்தே எடுக்கவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

"ஆமா, நானும் படிச்சேன்" என்றேன் நான். எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவரும் ஆமாம் என்றார். வட்டம் சுற்றி ஆயரம்மாவிடம் வந்து நின்றது. பாவம், அவர் ஒருமுறை சிலுவையைப் பார்த்தார், ஒருமுறை அக்காவின் ஈரமான முகத்தைப் பார்த்தார். "சில பிரதிகள்ல... அச்சுல விட்டுப் போயிருக்கலாம் டீச்சர்" என்றார்.

டீச்சர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். அந்தப் பெண்ணின் முகத்தில் வந்து நின்றார். நாற்பது வருஷம் பிள்ளைகளைப் பார்த்தவர். புத்தகத்தை மூடினார். "என் புத்தகம் கோளாறு போலிருக்கு" என்றார்.

திங்கட்கிழமை மருமகள் என் கடைக்கு வந்தாள். இருமல் மருந்து வேண்டும் என்றாள். இருமவில்லை. கடையில், ஆசிரமத்துக்கு வந்திருந்த ஒரு வெள்ளைக்காரர் கொசுவர்த்திக்கும் கொசு க்ரீமுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் போகிறவரை காத்திருந்தாள்.

"ஆன்ட்டி, தப்புப் பண்ணிட்டேன்" என்றாள்.

"ஏம்மா அப்படிப் பண்ண?"

"அந்தப் புத்தகத்துல மாமியார் பேசறதெல்லாம் அப்படியே வாசிச்சா, அத்தை முகம் சுருங்கிக்கிட்டே வந்துச்சு. என்னைக் குத்திக் காட்டறியான்னு கேட்டுடுவாங்களோன்னு பயம். அதனால ஒரு வரிய விட்டேன். அப்புறம் ரெண்டு வரிய மாத்தினேன். அப்புறம் மாத்தறது எனக்கே பிடிச்சுப் போச்சு." கொஞ்சம் சிரித்தாள். "டிரெய்னிங் விஷயம் அவரு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவருக்கு அவங்க பாட்டி சொன்னது. அத்தைக்கு இடம் கிடைச்சு, அவங்கப்பா அனுப்பலையாம். அத்தை யார்கிட்டயும் சொன்னதில்ல. எனக்கு அதைக் கேட்கணும்னு இருந்துச்சு. எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. கதையில போட்டுட்டேன்."

"சரி, போகட்டும். அவங்களுக்கு எங்க தெரியப்போகுது?" என்றேன்.

"அதான் பிரச்சினை ஆன்ட்டி. நேத்து ராத்திரி அவங்க பிள்ளையக் கூப்பிட்டு, ஆபரேஷனுக்கு நாள் பாருடான்னுட்டாங்க. அந்த மழை நாளை என் கண்ணால ஒரு தடவ படிக்கணும்னு சொல்றாங்க."

மூன்று வருஷமாக மகன் கெஞ்சி நடக்காதது, புத்தகத்தில் இல்லாத ஒரு மழையால் நடந்துவிட்டது.

சங்கத்தில் அவசரக் கூட்டம். அக்காவுக்குத் தெரியாமல் ஆயரம்மா வீட்டில் கூடினோம். புத்தகத்தைத் தொலைத்துவிடலாம் என்றார் நர்ஸம்மா. "பொய் சொன்னது போதாதா, திருட்டு வேறயா?" என்றார் டீச்சர். வேறு ஊர் சபைக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி எல்லாப் புத்தகங்களையும் திரும்ப வாங்கிவிடலாம் என்று முடிவானது. வாட்ஸப்பில் போட்டேன். எல்லாரும் உடனே சரி என்றார்கள். அக்காவிடமிருந்து குரல் பதிவு வந்தது. "எங்க வீட்டுப் புத்தகத்தை நான் தரமாட்டேன். வேணும்னா புதுசா ஒண்ணு வாங்கிக் குடுக்கறேன்." பின்னால் மருமகள் பாத்திரத்தைக் கீழே போடுகிற சத்தமும் அதில் கேட்டது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முதலில் ஒரு கண், பிறகு மற்றது. மருமகள் லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்தாள். சொட்டு மருந்து என் கடையில்தான் வாங்குவாள். ஒவ்வொரு தடவை வரும்போதும், "நல்லாத் தெரியுதாம் ஆன்ட்டி" என்று மகிழ்ச்சியும் கலக்கமுமாகச் சொல்வாள். பிறகு ஒருநாள், "கண்ணாடி வந்துடுச்சு" என்றாள்.

"படிச்சாங்களா?"

"தெரியல. புத்தகம் அவங்க தலகாணிக்குக் கீழ இருக்கு. ஒண்ணும் பேசல. நாலு நாளா என் சாம்பாரைக்கூடக் குறை சொல்லல ஆன்ட்டி. அதான் பயமா இருக்கு."

அந்தச் சனிக்கிழமை நாங்கள் எல்லாரும் நாலு மணிக்கே வந்துவிட்டோம். டீச்சர் பாட்டை ஆரம்பித்தபோது எல்லா நாற்காலியிலும் ஆள் இருந்தது. அதிர்ச்சியில் அவருக்கு இரண்டாவது சரணம் மறந்துபோய்விட்டது.

அக்கா புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். மருமகள் பின்னால் வந்து ஓரமாக உட்கார்ந்தாள். அன்றைக்கு என்ன அதிகாரம் படித்தோம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஜெபக்குறிப்பு நேரம் வந்ததும் அக்கா எழுந்து நின்றார்.

"அந்தப் புத்தகத்தை முதல்லேந்து கடைசி வரைக்கும் என் கண்ணால படிச்சேன்."

நர்ஸம்மா கண்ணை மூடிக்கொண்டார். ஜெபத்துக்கு இன்னும் நேரம் இருந்தது.

"அந்த மாமியார் கடைசி வரைக்கும் திருந்தல. துண்டும் இல்ல, காப்பியும் இல்ல, மழையும் இல்ல. ரெண்டு தடவ தேடினேன்." அக்கா எங்களைச் சுற்றிலும் பார்த்தார். புதுக் கண்ணாடியில் அவர் கண் பெரிதாகத் தெரிந்தது. "சர்ச்சு ஹால்ல, சிலுவைக்கு முன்னால உக்காந்து பொய் சொன்னவங்களுக்காக இன்னைக்கு ஜெபிக்கணும். நர்ஸம்மா, கண்ணு கலங்கிடுச்சுன்னீங்களே, உங்களுக்குத் தனியா ஜெபிக்கணும். ஆயரம்மாவுக்கும்."

ஆயரம்மா எழுந்து மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அக்கா கையால் உட்காரச் சொல்லிவிட்டு மருமகள் பக்கம் திரும்பினார். அந்தப் பெண் அழத் தயாராக இருந்தாள்.

"டிரெய்னிங் விஷயம் அவன் சொன்னானா?"

அவள் தலையாட்டினாள்.

"கடுதாசி வந்த அன்னைக்கு எங்கம்மா பாயசம் பண்ணாங்க. எங்கப்பா சாயந்திரம் வந்து, போகவேணாம்னுட்டாரு. அந்தப் பாயசத்தை யாரும் குடிக்கல." அக்காவின் குரல் அவ்வளவு சின்னதாகி நாங்கள் கேட்டதில்லை. "நாப்பத்தஞ்சு வருஷமா ஒருத்தரும் என்னை அதைப் பத்திக் கேக்கல. நானும் சொல்லல. நீ தினமும் காலையில பை எடுத்துக்கிட்டுக் கிளம்பறப்ப எனக்கு ஏன் கோவம் வருதுன்னு எனக்கே தெரியாது. நீ கண்டுபிடிச்சுட்ட."

"அத்தை, நான் சும்மா..."

"சும்மா இல்ல. அந்தப் புத்தகக்காரரைவிட நல்லாவே எழுதியிருக்க. ஆனா ஒரு தப்பு. எனக்கு இஞ்சிக் காப்பி போடவே தெரியாது. சுக்குக் காப்பிதான். அதை மாத்திக்க."

அந்தப் பெண் அழுதுகொண்டே சிரித்தாள். நாங்களும்தான். டீச்சர் ஜெபிக்க எழுந்தார். "எங்கள் பாவங்களை..." என்று ஆரம்பித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கடைசியில் நர்ஸம்மாதான் ஜெபித்தார். எனக்குத் தெரிந்து முதல்தடவையாக. நன்றாகவே ஜெபித்தார்.

அதற்குப் பிறகு அந்த வீடு பரலோகமாக மாறிவிட்டது என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். பாக்கெட் மாவு இன்னும் வருகிறது. பாதுஷாவும் இன்னும் கம்மியாகிறது. சனிக்கிழமை ஜெபக்குறிப்பில் "எங்க வீட்டுல ஒருத்தர்" இன்னும் உண்டு. ஆனால் இப்போது மற்றவர் அங்கேயே, "அது நான்தான், எல்லாரும் எழுதிக்கோங்க" என்று சொல்லிவிடுகிறார், சண்டையை அங்கேயே போட்டு முடித்துவிட்டு ஒரே ஸ்கூட்டியில் போகிறார்கள்.

ஆயரம்மா அக்காவை ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகள் வகுப்புக்கு டீச்சராகப் போட்டார். போட வைத்தது மருமகள்தான் என்று பின்னால் கேள்விப்பட்டேன். முதல் நாள் அக்கா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தார். மருமகள் வாங்கிக்கொடுத்த கைப்பை தோளில். பெரிய டீச்சர் வாசலில் நின்று அவரை உள்ளே கூட்டிப்போய், சாக்பீஸ் டப்பாவைக் கையில் கொடுத்தார். பிள்ளைகளுக்கு முதல் வாரம் அந்தக் குரலில் கொஞ்சம் பயம். இப்போது சர்ச் வாசல் மாமரத்தடியில் அவர் கதை சொல்கிற சத்தம் பெரியவர்கள் ஆராதனை வரைக்கும் கேட்கிறது. ஆயர் பிரசங்கத்தை நடுவில் நிறுத்திக் கேட்கிறார் என்று பேச்சு.

இரண்டாவது நாவலைப் பெரிய டீச்சரே தேர்ந்தெடுத்தார். கதைப்புத்தகம் எதற்கு என்று கேட்ட அதே டீச்சர். ஒரு வாரத்தில் படித்து முடித்துவிட்டு, பொறுக்க முடியாமல், முடிவு என்ன என்று வாட்ஸப் குழுவில் எல்லாருக்கும் எழுதிவிட்டார். நாங்கள் பாதிகூடத் தாண்டியிருக்கவில்லை. நர்ஸம்மா இந்தத் தடவை நிஜமாகவே படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு வந்த கோபத்தில் குழுவைவிட்டு வெளியேறிவிட்டார். அவரைச் சமாதானப்படுத்தித் திரும்பச் சேர்க்கும் வேலை செயலாளருடையதாம். நாளைக்கு அரைக்கிலோ மிக்சரோடு அவர் வீட்டுக்குப் போகவேண்டும்.